‘என்ன முறை?’ – இத்தாலியக் குற்றச் சித்திரக்கதைகளின் பெண் பாத்திரங்களும் தமிழ் வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் சித்திரக்கதைகளின் வரலாறு பெரும்பாலும் நாயகர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கதைகளில் இடம்பெற்ற பெண்களும் அவற்றை வாசித்த பெண்களும் ஆய்வுக்கு உரியவர்களாகக் கருதப்படவில்லை. 1960களில் இத்தாலியில் தோன்றிய குற்றச் சித்திரக்கதைகளின் பெண் பாத்திரங்களை, குறிப்பாக ஏவா காண்ட், சாத்தானிக், ஜூலியா ஆகிய மூவரை, இக்கட்டுரை ஆராய்கிறது. சிவகாசி வழியாக இவ்வகைக் கதைகள் தமிழுக்கு வந்தபோது உறவுப்பெயர், வினைமுற்று விகுதி ஆகியவற்றில் எழும் சிக்கல்களையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, குற்றப்புனைவு, டயபாலிக், ஏவா காண்ட், ஜூலியா, மாடஸ்டி, லயன் காமிக்ஸ், களவு, மொழிபெயர்ப்பு

முன்னுரை

களக்காட்டில் எங்கள் குடும்பத்துப் பெண்கள் பிற்பகலில் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுவர். மடியில் சொளகு, அதில் இலையும் தூளும். கைகள் வேலையில் இருக்க, காதுகள் ஓய்வாக இருக்கும். ஆகவே ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது அங்கு வழக்கம். வார இதழ்த் தொடர்கதைகள் தீர்ந்த நாள்களில், வீட்டுப் பையன்கள் வாங்கிவந்த காமிக்ஸ் புத்தகங்களும் வாசிப்புக்கு வந்தன. அவ்வாறு ஒரு நாள் மாடஸ்டியின் கதையொன்று வாசிக்கப்பட்டபோது என் அத்தை கேட்ட கேள்வி இது: “ஏட்டி, இவளுக்கும் அந்தக் கார்வினுக்கும் என்ன முறை?” வாசித்தவளுக்கு விடை தெரியவில்லை. அண்ணன் தங்கை இல்லை. கணவன் மனைவி இல்லை. காதலர் என்றும் கதை சொல்லவில்லை. முறை தெரியாமல் கதை நகர மறுத்தது.

அன்று சிரிப்பாக முடிந்த அக்கேள்வியை இக்கட்டுரை ஆய்வுக்குரிய வினாவாக எடுத்துக்கொள்கிறது. குற்றக்கதையில் ஓர் ஆணின் அருகில் நிற்கும் பெண்ணுக்கு அவனோடு என்ன முறை என்பதே, அவளுக்குக் கதையில் என்ன இடம் என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழ்ச் சூழலில் நெடுங்காலம் இதற்குச் சில விடைகளே இருந்தன. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய ‘கன்னித்தீவு’ சித்திரத் தொடரில் லைலா மந்திரவாதி மூசாவால் சிற்றுருவாக்கப்பட்டவள். அவளைப் பழைய உருவுக்கு மீட்பது சிந்துபாதின் பொறுப்பு. பெண் சுருக்கப்படுதல் என்பது இங்கு உருவகமன்று, கதை நிகழ்ச்சியே. துப்பறியும் கதைகளில் அவள் செயலாளர் அல்லது கடத்தப்படுபவள். திரைப்படங்களில் கொள்ளைக்கூட்டத் தலைவனின் அருகில் நிற்பவள், பெரும்பாலும் இறுதிக் காட்சிக்கு முன் நாயகனுக்காகக் குண்டேற்று இறப்பவள். இத்தாலியில் இதே அச்சிலிருந்து புறப்பட்ட ஒரு பாத்திரம் எவ்வாறு வேறு திசையில் சென்றது என்பதை முதலில் காணலாம்.

மிலான் நகரின் இரு சகோதரிகள்

இத்தாலிய மொழியில் சித்திரக்கதைக்கு ‘ஃபுமெத்தோ’ என்று பெயர். சிறு புகை என்பது அதன் நேர்ப்பொருள். பாத்திரங்களின் வாயிலிருந்து எழும் பேச்சுக் குமிழைக் குறித்து அமைந்த சொல். துப்பறியும் நாவலுக்கு அங்கு ‘ஜாலோ’, அதாவது மஞ்சள், என்று பெயர். 1929இல் மொந்ததோரி நிறுவனம் மஞ்சள் அட்டையிட்டு வெளியிட்ட வரிசையால் வந்த பெயர் அது. 1960களில் இவற்றோடு மூன்றாவது பெயரொன்று சேர்ந்தது: ‘ஃபுமெத்தி நேரி’, கறுப்புச் சித்திரக்கதைகள். துப்பறிபவரை விட்டுக் குற்றவாளியையே நாயகனாக்கிய கதைகள் இவை.

இவ்வகையைத் தொடங்கிவைத்த ‘டயபாலிக்’ 1962 நவம்பர் 1ஆம் நாள் மிலானில் வெளிவந்தது. உருவாக்கியவர் ஆஞ்செலா ஜுஸ்ஸானி (1922–1987). பதிப்பாளர் ஒருவரை மணந்தவர். அக்காலத்தில் பெண்கள் அரிதாகவே பெற்ற விமான ஓட்டுநர் உரிமத்தைப் பெற்றிருந்தவர். சிறிது காலத்தில் தங்கை லுச்சானாவும் (1928–2001) எழுத்துப்பணியில் சேர்ந்தார். அஸ்தொரினா என்னும் அவர்களது பதிப்பகம் கதோர்னா தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் இருந்தது. நாள்தோறும் வேலைக்கு வந்துபோகும் பயணிகளைக் கண்டு, அவர்கள் பயண நேரத்துக்குள் வாசித்து முடிக்கத்தக்கதும் சட்டைப்பையில் அடங்குவதுமான ஒரு புத்தகத்தை ஆஞ்செலா திட்டமிட்டார். அகலம் 12 செ.மீ., உயரம் 17 செ.மீ.; பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டங்கள் மட்டும். ‘பாக்கெட் சைஸ்’ காமிக்ஸ் கண்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இவ்வடிவத்தை விளக்க வேண்டியதில்லை.

சிறுவர்க்கன்றி வயது வந்தோர்க்கென எழுதப்பட்ட, கொலையும் களவும் நிறைந்த இவ்விதழை நடத்தியவர்கள் நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் இருவர் என்பது அந்நாட்டில் வியப்பாகப் பார்க்கப்பட்டது. தமிழ் ஆய்வாளருக்கு அது அத்துணை வியப்பளிக்க வேண்டியதில்லை. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, துப்பறியும் கதைக்கூறுகள் கலந்த நாவல்களை அதிலேயே தொடராக எழுதி விற்ற வை.மு.கோதைநாயகி நம்மிடையே இருந்தார். ஆசிரியரும் பதிப்பாளரும் ஒருவரே ஆகும்போது, பாத்திரத்தின் முடிவைப் பிறர் ஆணைக்கு விட வேண்டிய தேவை இல்லாமற் போகிறது. ஏவா காண்டின் வளர்ச்சிக்கு இதுவே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஏவா காண்ட்

டயபாலிக்கின் வாழ்வில் முதலில் வரும் பெண் ஏவா அல்லள், எலிசபெத் கே. வால்டர் டோரியன் என்னும் பொய்ப்பெயரில் வாழும் அவனை உண்மையானவன் என நம்பிக் காதலிப்பவள். அவன் யார் என அறிந்ததும் காவல்துறைக்குத் தெரிவிக்கிறாள். ஏமாற்றப்படும் காதலி என்னும் பழைய அச்சு அது. 1963 மார்ச்சில் வெளிவந்த மூன்றாவது இதழில்தான் ஏவா காண்ட் வருகிறாள். ஆண்டனி காண்ட் பிரபுவின் கைம்பெண். கணவனின் சாவு குறித்து ஊரார் ஐயத்துக்கு உள்ளானவள். நீதித்துறையில் உயர்பதவி வகிக்கும் கரோன் என்பவன் அவளை அச்சுறுத்தி மணக்க முயல்கிறான். டயபாலிக் பிடிபட்டுக் கில்லட்டினுக்கு அனுப்பப்படவிருக்கையில், ஏவாவின் துணையால் ஆள்மாறாட்டம் நிகழ்கிறது. கத்தியின் கீழ்ப் படுப்பவன் கரோன்.

இந்நிகழ்ச்சி முற்றிலும் புதிதன்று. 1911இல் பிரான்சில் சூவெஸ்த்ர், அலேன் ஆகிய இருவர் எழுதிய ‘ஃபான்டோமா’ முதல் நாவலிலும், குற்றவாளியின் காதலியாகிய பெல்தாம் சீமாட்டியின் துணையால் வேறொருவன் கில்லட்டினில் சாகிறான். அவளும் பிரபு ஒருவரின் கைம்பெண்ணே. ஆனால் இரு பெண்களும் அதன்பின் நடக்கும் வழி வேறு. பெல்தாம் சீமாட்டி குற்றவுணர்வால் வாடுபவள். அவள் அழிவதற்கென்றே படைக்கப்பட்டவள். ஃபான்டோமாவைப் படித்திருந்த ஜுஸ்ஸானி அப்பாத்திரத்தின் சூழ்நிலையை எடுத்துக்கொண்டு, வாட்டத்தை விட்டுவிட்டார். ஏவா வருந்துவதில்லை. சாவதும் இல்லை.

இதனால் ஏவாவைத் தொடக்கத்திலிருந்தே விடுதலை பெற்ற பெண் எனக் கொள்வது பிழையாகும். தொடக்க ஆண்டுகளில் டயபாலிக் கட்டளையிடுபவன், ஐயுறுபவன், அவள் கீழ்ப்படிபவள். ஆண்டுகள் செல்லச்செல்லத் திட்டம் தீட்டுவதிலும், முகமூடி அணிந்து ஆள்மாறுவதிலும், அவனை மீட்பதிலும் அவள் சமபங்கு பெறுகிறாள். கதையை இயக்கும் அறிவு இருவரிடையே பகிரப்படுகிறது. இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தைக் கருத வேண்டும். இத்தாலியில் மனைவியின் பிறன்மனை உறவை மட்டும் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப்பிரிவு 1968இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. மணமுறிவுச் சட்டம் 1970இல் வந்தது. 1974இல் பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதனை நிலைநிறுத்தினர். குடும்பச் சட்டத் திருத்தம் 1975இல் நிகழ்ந்தது. சட்டத்தின் கண்ணில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்பட்டவளாக இருந்த நாட்டில், மாதந்தோறும் கடைக்கு வந்த ஒரு புத்தகத்தில் மணமாகாத இருவர் ஒரே வீட்டில் சமமாக வாழ்ந்தனர். (இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு 2018இல்தான் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.)

எதிர்ப்பக்கத்திலும் இதே நிலைதான். டயபாலிக்கைத் துரத்தும் ஆய்வாளர் ஜின்கோவுக்கு அல்தேயா என்னும் உயர்குடிப் பெண்ணின் மீது காதல், அவர்களும் மணந்துகொள்வதில்லை. சட்டத்தின் பக்கம் நிற்பவனுக்கும் சட்டத்துக்கு வெளியே நிற்பவனுக்கும் ஒரே வகை உறவை வைத்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

அத்தையின் கேள்வியை இங்குக் கேட்டால் விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. களவு என்னும் சொல் திருட்டையும் குறிக்கும். மணத்துக்கு முந்திய காதல் ஒழுக்கத்தையும் குறிக்கும். தீமையைச் சுட்டும் ஒரு சொல் அகப்பொருளில் எவ்வாறு நன்மையைச் சுட்டலாயிற்று என்பதை இறையனார் களவியல் உரை நின்று விளக்குகிறது. ஏவாவும் டயபாலிக்கும் அச்சொல்லின் இரு பொருளிலும் களவில் வாழ்பவர்கள். ஆனால் அகமரபில் களவு கற்பை நோக்கி நகர வேண்டும். வெளிப்படுதலும் வரைதலும் அதன் முடிவு. இவர்கள் வாழ்க்கையில் வெளிப்பட்டால் கில்லட்டின்தான். எனவே அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் களவிலேயே நின்று, கற்புக்குரிய உறுதியை அதிலேயே காட்டும் இணையராக அவர்களைக் காணலாம். இத்தாலிய வாசகர்கள் ஏவாவை விரும்பியதற்குக் காரணம் அவளுடைய துணிவு என்பர். அவளது பிறழாத உறுதியும் அதற்கு இணையான காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

சாத்தானிக்கின் முகம்

டயபாலிக்கின் வெற்றி பல போலிகளை ஈன்றது. பெரும்பாலானவை பேசத்தக்கன அல்ல. மாக்ஸ் பங்கர் எழுதி மாக்னுஸ் வரைந்து 1964 டிசம்பரில் தொடங்கிய ‘சாத்தானிக்’ விதிவிலக்கு. இங்கு நாயகனுக்குத் துணையாக ஒரு பெண் இல்லை. பெண்ணே குற்றவாளி, அவளே தலைப்பு. முகத்தில் பெரிய செந்தழும்போடு பிறந்த மார்னி பானிஸ்டர் ஓர் அறிவியலாளர். தான் ஆக்கிய மருந்தொன்றால் பேரழகியாக மாறுகிறாள்; தன்னை இழிவுபடுத்திய உலகின் மீது அவ்வழகைக் கருவியாகக் கொண்டு போர் தொடுக்கிறாள்; தயங்காமல் கொல்கிறாள். 1974 வரை 231 இதழ்கள் வந்தன.

ஏவாவைவிடச் சாத்தானிக் தனித்தவள், தன்னாட்சி மிக்கவள். ஆயினும் அவளது ஆற்றல் முழுவதும் முகத்தில் இருக்கிறது. மருந்தின் விளைவு தீர்ந்தால் பழைய முகம் திரும்பும். முகம் திரும்பினால் ஆற்றல் போகும். அறிவியலாளர் ஒருவரின் அறிவு அழகை ஆக்குவதற்கு மட்டுமே கதையில் பயன்படுகிறது. ஆண்கள் இருவர் படைத்த இப்பெண்ணையும் பெண்கள் இருவர் வளர்த்த ஏவாவையும் அருகருகே வைத்தால் வேறுபாடு புலப்படும். ஏவா முகமூடி அணிந்து எந்த முகத்தையும் எடுத்துக்கொள்கிறாள், வேலை முடிந்ததும் கழற்றுகிறாள். முகம் அவளுக்குக் கருவி; மார்னிக்கு விதி. படைப்பவரின் பாலினம் படைப்பைத் தீர்மானிக்கும் என்று இதைக்கொண்டு பொதுவிதி செய்ய இயலாது. பின்னர் வரும் ஜூலியாவைப் படைத்தவர் ஓர் ஆண்.

1965இல் ‘லீனுஸ்’ இதழில் குயிதோ கிரெபாக்ஸ் படைத்த வலெந்தினாவையும் இவ்வரிசையில் சேர்ப்பதுண்டு. துப்பறியும் நாயகன் ஒருவனின் தோழியாக அறிமுகமாகி, அவனைப் பின்தள்ளித் தானே தலைப்பாத்திரமானவள். ஆனால் அவளது உலகம் விரைவில் கனவும் காமமுமாக மாறிவிட்டதால் குற்றக்கதைக்கு வெளியே நிற்கிறாள்.

சிவகாசி வழி

தமிழில் சித்திரக்கதைகளுக்கான வழி சிவகாசியில் திறந்தது. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972 முதல் இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர்க்குத் தந்தது. அவர் மகன் எஸ்.விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. இச்செய்தி வாசகர் அறிந்ததே. ஆயினும் அதன் பொருளை நாம் போதிய அளவு எண்ணிப்பார்த்ததில்லை. ஆண் நாயகர்களால் நிறைந்திருந்த ஒரு துறையில் புதிதாக நுழைந்த ஓர் இதழ், முன்னாள் குற்றக்கும்பல் தலைவியாகிய ஒரு பெண்ணை முதல் அட்டையில் நிறுத்தியது. மாடஸ்டி இத்தாலியள் அல்லள். பீட்டர் ஓ’டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963 மே மாதம் இலண்டன் நாளிதழில் தோன்றியவள். ஏவாவுக்கு இரண்டு மாதம் இளையவள். குற்ற உலகின் நடுவில் ஆணுக்குச் சமமாக நிற்கும் பெண்ணை ஐரோப்பா இருவேறு நாடுகளில் ஒரே வேனிலில் கற்பனை செய்தது எனலாம்.

மாடஸ்டியைக் கார்வின் மூலக்கதையில் ‘இளவரசி’ என்று அழைக்கிறான். தமிழ் வாசகர்கள் அவ்விளிப்பெயரையே அவளுக்கு அடைமொழியாக்கிக்கொண்டனர். முறைப்பெயர் இல்லாத இடத்தில் பட்டப்பெயர் வந்து அமர்ந்தது. அத்தையின் கேள்விக்கு வாசகர் கூட்டம் கண்ட விடையாக இதைக் கொள்ளலாம்.

இத்தாலியக் கதைகளின் வரவு 1985இல் ‘தலை வாங்கிக் குரங்கு’ மூலம் டெக்ஸ் வில்லரோடு வலுப்பெற்றது. மர்ம மனிதன் மார்ட்டினும் சி.ஐ.டி. ராபினும் பின்னர் வந்தனர். இவையெல்லாம் ஆண்களின் உலகங்கள். 2012 ஜனவரியில் லயன் மறுவருகைச் சிறப்பிதழோடு புத்துயிர் பெற்றது. அதன் பின்னரே டயபாலிக்கும் ஜூலியாவும் தமிழ் பேசினர். அதாவது ஏவா காண்ட் மிலானிலிருந்து சிவகாசி வந்து சேர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. வாசகரும் அதற்குள் மாறிவிட்டனர். சிறுவர்களாக மாயாவியைப் படித்தவர்கள் நடுவயதினராக டயபாலிக்கை எதிர்கொண்டனர். 1963இல் அதிர்ச்சியாக இருந்தது 2013இல் பழைய நினைவின் சுவையாக வாசிக்கப்பட்டது. இக்கால இடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல் தமிழ் வாசகரின் எதிர்வினையை இத்தாலிய வாசகரின் எதிர்வினையோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

வந்தாளா, வந்தாரா?

மொழிபெயர்ப்பில் இப்பெண்கள் சந்திக்கும் முதற்சிக்கல் உறவுப்பெயர். ஏவா டயபாலிக்குக்கு யார்? இத்தாலியத்தில் ‘கொம்பான்யா’ என்னும் ஒரு சொல் போதும். உடனிருப்பவள் என்பது பொருள். தமிழில் காதலி என்றால் மணத்தை நோக்கிக் காத்திருப்பவளாகிறாள். மனைவி என்றால் பொய்யாகிறது. கூட்டாளி என்றால் காதல் மறைகிறது. துணைவி என்னும் சொல்லுக்கு நம் அரசியல் பேச்சில் வேறொரு சாயல் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் அவளுடைய ஒரு பாதியை வெட்டிவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. இத்தாலிய வினைமுற்றின் இறந்தகால எளிய வடிவம் பால் காட்டாது, மதிப்பும் காட்டாது. வந்தவர் ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்பதை அது சொல்வதில்லை. தமிழ்ப் படர்க்கை வினைமுற்று இவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வாளர் ஜின்கோ ‘வந்தார்’, கொள்ளையன் டயபாலிக் ‘வந்தான்’, ஏவா ‘வந்தாள்’. இம்மூன்று விகுதிகளும் இத்தாலிய மூலத்தில் இல்லாத ஓர் அறத் தீர்ப்பைக் கதைக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. மூலத்தில் சமமாக நின்ற மூவரும் தமிழில் மூன்று படிகளில் நிற்கின்றனர். ஆனால் இப்படிகள் குற்றத்தால் மட்டும் அமைவன அல்ல என்பதை ஜூலியாவைக் கொண்டு அறியலாம்.

ஜூலியா கெண்டல் 1998 அக்டோபரில் செர்ஜோ பொனெல்லி பதிப்பகத்தின் வழி வெளிவந்தவள். ‘கென் பார்க்கர்’ தொடரின் படைப்பாளர்களுள் ஒருவரான ஜான்கார்லோ பெரார்தியின் ஆக்கம். நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் சாயலில் வரையப்பட்டவள். குற்றவியலாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர், காவல்துறைக்கு ஆலோசகர். அடிதடியில் வல்லவள் அல்லள். அஞ்சுபவள், தூக்கம் கெடுபவள், பாட்டியைக் காணச் செல்பவள், பூனை வளர்ப்பவள். தொடக்கக் கதைகளில் அவளுக்கு எதிராக நிற்பவளும் ஒரு பெண், மிர்னா ஹாரோட் என்னும் தொடர்கொலையாளி. துப்பறிபவரும் கொலையாளியும் பெண்களாக, அவர்களுக்கிடையேயான ஈர்ப்பும் அச்சமுமே கதையாக அமைந்தபோது, ‘என்ன முறை?’ என்னும் கேள்வி ஆணை நோக்கிச் செல்லும் தேவையே அற்றுப்போகிறது.

இப்பேராசிரியரைத் தமிழில் ‘வந்தாள்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா? அவளோடு பணிபுரியும் காவல் அதிகாரி வெப் ‘வந்தார்’ எனப்படுவாரானால் அவளும் ‘வந்தார்’ ஆதல் வேண்டும். ஆனால் தமிழ்ப் புனைவு மரபில் இளம்பெண்ணாகிய கதைத்தலைவி ‘ஆள்’ விகுதிக்கே உரியவளாகிவிட்டாள். ‘ஆர்’ என்றால் வயது கூடி, வாசகரிடமிருந்து விலகிவிடுவாள். இக்கட்டுரையாளரும் மேலே உள்ள பத்தியில் ‘வளர்ப்பவள்’ என்றே எழுதியிருப்பதை வாசகர் கவனித்திருக்கக் கூடும். ஜுஸ்ஸானி சகோதரிகள் ‘எழுதினார்’. அவர்கள் படைத்த ஏவா ‘வருகிறாள்’. உண்மை மனிதருக்கும் கற்பனைப் பெண்ணுக்கும் இடையே நாம் இடும் இக்கோடு, கற்பனை ஆண் அதிகாரிக்கு இடப்படுவதில்லை.

பெரார்தி கையாண்ட ஓர் உத்தி தமிழில் இச்சிக்கலை எதிர்பாராத வகையில் தணிக்கிறது. ஜூலியா நாட்குறிப்பு எழுதுபவள். கதையின் பெரும்பகுதி அக்குறிப்பின் வழியே சொல்லப்படுகிறது. தமிழில் தன்மை வினைமுற்றுக்கு ஒருமை பன்மை உண்டு; ஆண்பால் பெண்பால் இல்லை; உயர்வு தாழ்வும் இல்லை. ‘வந்தேன்’, ‘கண்டேன்’, ‘அஞ்சினேன்’ என்று அவள் எழுதும்போது விகுதியின் தீர்ப்பு நின்றுவிடுகிறது. படர்க்கையில் பிறரால் சொல்லப்படும் ஏவாவுக்கும் மாடஸ்டிக்கும் கிட்டாத இடம் இது.

அச்சில் வந்த வாசகர் கடிதங்களையும் சேகரிப்பாளர்களின் நினைவுகளையும் மட்டும் சான்றாகக் கொண்டால் தமிழ்க் காமிக்ஸ் வாசகர் என்பவர் ஆணாகவே தோன்றுவார். புத்தகத்தை வாங்கியவர், அட்டையின் உட்புறம் பெயர் எழுதியவர், பின்னர் பத்திரப்படுத்தியவர் அவர்தாம். திண்ணையில் காதால் வாசித்த பெண்கள் பெயர் எழுதவில்லை. களக்காடு, நாங்குநேரி, சேரன்மகாதேவி வட்டாரங்களில் பீடி சுற்றியபடி 1980களில் இக்கதைகளைக் கேட்டவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் நேர்காணல் வழியாகத் திரட்டத்தக்க செய்திகள் உள்ளன: எக்கதைகள் வாசிக்கப்பட்டன, படத்தைக் காணாமல் கேட்டவர்கள் பாத்திரத்தை எவ்வாறு கற்பனை செய்தனர், வாசித்தவர் எதை மாற்றிச் சொன்னார். எங்கள் வீட்டில் வாசித்த சித்தி, மறுமுறை மாடஸ்டி கதை வந்தபோது, அத்தை கேட்பதற்கு முன்னரே கார்வினை அவளுக்குத் தாய்மாமன் மகன் ஆக்கிவிட்டார். அதன்பின் கதை தடையின்றி ஓடியது.